படத்தில் தெரியாத நோய்



சில மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகல், இல்லச் சந்திப்பிற்காகப் புதுமடம் சென்றிருந்தோம். கடலுக்கு அருகில் நம் பங்குக் குடும்பம் ஒன்று இருக்கிறது, மீன்பிடித் தொழில். வாசலில் நம்மைக் கண்டதும் வீட்டுத் தலைவர் சற்றே தயங்கினார். வழக்கமாக ஓடிவந்து தோத்திரம் சொல்லும் மனிதர், அன்று கதவை மறித்தாற்போல நின்றார். உள்ளே நுழைந்தபின்தான் காரணம் விளங்கிற்று. சுவரிலே திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே ஒரு கட்டில், கட்டிலின் காலில் ஒரு வலைக்கயிறு. அக்கயிற்றின் மறுமுனை, இருபத்து நான்கு வயதுள்ள அவர்களுடைய மூத்த மகனின் கணுக்காலில் இருந்தது.

பையனை நாம் அறிவோம். பூசைக்கு உதவி செய்தவன், பாடற்குழுவில் கஞ்சிரா தட்டியவன். இரண்டாண்டுகளாக அவனைக் கோயிலில் காணவில்லை. வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வந்தார்கள். அது பொய். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், படகின் இயந்திரத்திலிருந்து தனக்குக் கட்டளை வருகிறது என்று சொல்லி, உறங்காமல் கரையிலே நடந்துகொண்டிருந்தானாம். ஓரிரவு தம்பியின் கழுத்தைப் பிடித்துவிட்டான். அன்றிலிருந்து கயிறு.

மோர் கொண்டுவந்து வைத்த தாய், ஒரு பெரிய உறையை எடுத்து நம் மடியில் வைத்தார். மதுரையில் எடுத்த மூளைப் படம். கடன் வாங்கி எடுத்தது.

"ஸ்கேனு எடுத்துப் பாத்தாச்சு சாமி. ஒண்ணுமே இல்லன்னுட்டாக. அப்ப இது பேய்தானே சாமி?"

இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. தகப்பனாருடைய கேள்வி வேறு. அவர் நம்மை வாசலுக்கு அழைத்து வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "மூளை கெட்டுப்போனவன் கொலைக்கு அஞ்சமாட்டான்னு சொல்றாக. ராத்திரி எங்களையெல்லாம் வெட்டிப்புடுவானோ?"

கவனித்தீர்களா? தாய்க்கு, மூளையில் ஒன்றுமில்லை என்பது அச்சம். தந்தைக்கு, மூளையில் ஏதோ இருக்கிறது என்பது அச்சம். இவ்விரண்டு அச்சங்களும் புதுமடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. நம் மறைவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பூட்டிய அறைக்குள் இவை இருக்கின்றன. ஆகவே இம்மாதப் பக்கத்தை இவற்றுக்கே ஒதுக்குகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். படித்தறிந்ததையும், இராமநாதபுரத்தில் மனநல மருத்துவர் ஒருவர் பொறுமையோடு நமக்கு விளக்கியதையும் எழுதுகிறோம்.

முதலில் தாயின் கேள்வி. இந்நோய்க்குத் தமிழில் மனச்சிதைவு என்று பெயர். நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சற்றுக் குறைவாக, உலகெங்கும் காணப்படுவது. நெடுங்காலம் இதை மனத்தின் நோய் என்று மட்டுமே கருதினர். இறந்தோரின் மூளையை அறுத்துப் பார்த்தும் திட்டமாக ஒன்றும் தெரியவில்லை. 1971-இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்பவர் அமைத்த கருவியால், உயிரோடிருப்பவரின் மண்டையைத் திறவாமலே மூளையைப் படமெடுக்க முடிந்தது. நாம் சி.டி. ஸ்கேன் என்கிறோமே, அதுதான். 1976-இல் லண்டனில் ஈவ் ஜான்ஸ்டன் என்ற பெண் மருத்துவரும் அவருடைய தோழர்களும், நாட்பட்ட நோயாளிகள் 17 பேரையும் நலமுள்ளோர் 8 பேரையும் இக்கருவியில் வைத்துப் பார்த்தனர். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. நோயாளிகளுக்கு அந்த அறைகள் சராசரியாகப் பெரிதாயிருந்தன. அறை பெரிதானால் சுற்றியுள்ள மூளைத் திசு சற்றுக் குறைந்திருக்கிறது என்று பொருள். அதன்பின் உலகின் பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதனை உறுதி செய்தன.

இன்னும் நுட்பமான ஆய்வு ஒன்று 1990-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் 15 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்தே, 12 இணைகளில் நோயாளி யார் என்று சொல்ல முடிந்தது. இதிலே நாம் கவனிக்க வேண்டியது, பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் முடிந்தது என்பதே. இரட்டையரில் ஒருவரின் படத்தை மட்டும் தனியே கொடுத்திருந்தால், பல வேளைகளில் அதைச் சாதாரண மூளை என்றே சொல்லியிருப்பர்.

நம் ஊர் முறையில் சொல்லுவோம். இரண்டு பனந்தோப்புகள் இருக்கின்றன. எல்லா மரங்களையும் அளந்தால், கீழைத்தோப்பின் மரங்கள் சராசரியாக ஒரு முழம் குட்டை. ஆனால் ஒற்றைப் பனையைக் காட்டி, இது எந்தத் தோப்பு என்று கேட்டால் யாராலும் சொல்ல இயலாது. கீழைத்தோப்பிலும் நெட்டை உண்டு, மேலைத்தோப்பிலும் குட்டை உண்டு. மூளைப் படமும் அப்படியே. நோயாளிகளின் கூட்டத்துக்கும் நலமுள்ளோரின் கூட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் ஒருவரின் படத்தைக் கொண்டு அவருக்கு இந்நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லும் அளவுக்கு இன்றும் மருத்துவம் வளரவில்லை. கட்டியோ இரத்தக் கசிவோ வேறு நோயோ இல்லை என்று உறுதி செய்வதற்கே மருத்துவர் படமெடுக்கச் சொல்லுகிறார். "ஒன்றுமில்லை" என்ற சொல்லுக்கு அவ்வளவே பொருள். நோயில்லை என்பது பொருளன்று; பேய் இருக்கிறது என்பது பொருளே அன்று.

பேயோட்டுதல் பற்றி நம் திருச்சபை சொல்லுவது இதைவிடக் கண்டிப்பானது. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே, ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடலாகாது என எச்சரித்தது. 1999-இல் வெளிவந்த புதிய சடங்குமுறையோ, மருத்துவ அறிவுடையோரைக் கலந்து ஆராய வேண்டுமென்கிறது. ஆயரின் தனி அனுமதியின்றி எந்தக் குருவும் அச்சடங்கை நடத்தலாகாது. அது திருச்சபைச் சட்டம். அப்படியிருக்க, வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் தலையில் கைவைத்து உரக்கச் சத்தமிடும் ஆட்கள் எந்தச் சட்டத்தின்கீழ் அதைச் செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போது நம் கை சுத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள். நாம் குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், வேறொரு பங்கில், ஒருவர் தம் தம்பியை மூன்று வெள்ளிக்கிழமைகள் அழைத்து வந்தார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அந்தத் தம்பி சொல்லிக்கொண்டேயிருந்தார். நாம் செபித்தோம், தீர்த்தம் தெளித்தோம், எண்ணெய் கொடுத்தோம். மருத்துவரிடம் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தோன்றவில்லை. நான்காம் வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. கிணற்றிலிருந்து உடலை எடுத்தபின், கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். தற்கொலை செய்தவருக்கு அடக்கச் சடங்கை மறுக்கும் பழைய விதி 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இல்லை. அதை எடுத்துக் காட்டி அடக்கம் செய்தோம். சட்டம் தெரிந்திருந்தது, நோய் தெரிந்திருக்கவில்லை.

நிற்க. தகப்பனாரின் கேள்விக்கு வருவோம்.

மூளையில் ஊறு நேர்ந்தால் மனிதனின் குணம் மாறும் என்பது உண்மையே. 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், அமெரிக்காவில் இருப்புப்பாதை வேலையில் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தின் வழியே, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி பாய்ந்து உச்சந்தலை வழியே வெளியேறிற்று. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் நிதானமுள்ள மேற்பார்வையாளராக இருந்தவர், வாயில் வந்ததைப் பேசும் முரடராகிவிட்டார் என்று மருத்துவர் எழுதினார். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியே நம் ஆசைகளுக்குக் கடிவாளம் என்பதை உலகம் கற்கத் தொடங்கியது இவரால்தான். ஆயினும் இக்கதையின் பிற்பகுதியை யாரும் சொல்லுவதில்லை. அதே கேஜ் பின்னாளில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். பயணிகளை ஏற்றிக்கொண்டு பல குதிரைகளை அடக்கி ஓட்டுகிறவன் கடிவாளமற்றவனாக இருக்க முடியாது.

1966 ஆகஸ்டு முதல் நாள், டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலேறி, சார்லஸ் விட்மன் என்ற இளைஞன் கண்ணில் பட்டோரையெல்லாம் சுட்டான். பதின்மருக்கு மேல் மாண்டனர். அதற்கு முன்பே தாயையும் மனைவியையும் கொன்றிருந்தான். தன் மூளையை அறுத்து ஆராய வேண்டும் என்று கடிதம் எழுதி வைத்திருந்தான். ஆராய்ந்தபோது கட்டி ஒன்று இருந்தது. அக்கட்டியே கொலைக்குக் காரணமா? அறிஞர் குழு கூடி விவாதித்தது. இருக்கலாம் என்றது, ஆனால் நிலைநாட்ட முடியவில்லை என்றே முடித்தது. 1997-இல் ஏட்ரியன் ரெய்ன் என்பவர், கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சித்தசுவாதீனம் இல்லை என்று வாதிட்ட 41 பேரின் மூளைகளைப் படமெடுத்து, நெற்றிப் பகுதியின் இயக்கம் குறைவாயிருந்ததாகக் கண்டார். பனந்தோப்பை மறந்துவிடாதீர்கள். இதுவும் கூட்டத்தைப் பற்றிய செய்திதான். அப்படிப்பட்ட மூளையோடு ஒருவரையும் அடிக்காமல் வாழ்ந்து மடிவோர் எத்தனையோ பேர்.

எனினும் தகப்பனாரின் அச்சத்தை நாம் இகழவில்லை. தம்பியின் கழுத்தைப் பிடித்தது நடந்த காரியம். மனச்சிதைவு உள்ளவர்கள் வன்முறையில் இறங்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சற்று அதிகமே. அதை மறைப்பது பொய்யான இரக்கம். ஆனால் எவ்வளவு அதிகம்? சுவீடன் நாட்டில் எண்ணாயிரம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பொதுமக்களில் வன்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றோர் நூற்றுக்கு 5.3 பேர். மது, போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகளில் 8.5 பேர். நோயோடு குடியும் போதையும் சேர்ந்தவர்களில் 27.6 பேர். ஆக, வேறுபாட்டின் பெரும்பகுதி நோயில் இல்லை, புட்டியில் இருக்கிறது. நம் கடற்கரைக் குடும்பங்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனை யாரும் கட்டிலில் கட்டுவதில்லை.

இன்னொன்று. மூளைதான் காரணமென்றால் பாவம் எங்கே, பொறுப்பு எங்கே என்று கற்றறிந்த இளைஞர் சிலர் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். குருமடத்தில் அறநெறி இயல் வகுப்பின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: அறிந்தும் விரும்பியும் செய்வது மட்டுமே மனிதச் செயல், உறக்கத்தில் கை அசைவது மனிதனிடத்தில் நிகழும் செயல், அவனுடைய அறச்செயல் அன்று. நாட்டுச் சட்டமும் இதையொட்டியே செல்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக இருந்தது, 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவாக உள்ளது. செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாதபடி மனநோய் இருந்திருக்க வேண்டும். படத்திலே ஒரு நிழல் இருக்கிறது என்பது போதாது. நடுவே கிடக்கும் பலருக்கு, பொறுப்பு முழுதும் இல்லாமலும் இல்லை, முழுதும் உண்டென்றும் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இப்பொழுது கயிற்றைப் பற்றி.

புதுமடத்திலிருந்து கடற்கரையோரமாக மேற்கே போனால் பெரியபட்டினம், அப்பால் கீழக்கரை, அதையும் தாண்டினால் ஏர்வாடி. அங்குள்ள தர்காவை நாடி, மனம் பேதலித்தவர்களைப் பல மாநிலங்களிலிருந்தும் எல்லாச் சமயத்தாரும் அழைத்து வருவர், நம்மவரும் போயிருக்கிறார்கள். தர்காவைச் சுற்றித் தனியார் சிலர் விடுதிகள் நடத்தி, உறவினர் விட்டுச் சென்றவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன், அத்தகைய விடுதி ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலி இருந்தபடியால் அவர்களால் ஓட முடியவில்லை. அம்மாதம் 13-ஆம் நாளுக்குள் அவ்வகை விடுதிகள் யாவும் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் சேர்க்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கைக் கையில் எடுத்தது. பிற்காலத்தில் அத்தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. மன்றாட்டும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது. நம் திருத்தலங்களில் எத்தனையில் இப்படி ஒரு மேசையும் ஒரு மருத்துவரும் உண்டு என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை சுருக்கமாகவே முடிந்துவிட்டது.

ஆகஸ்டு 6 எந்த நாளென்று உங்களுக்குத் தெரியும். ஆண்டவரின் உருமாற்றத் திருநாள். 2001-இல் அன்று காலை மலைமேல் ஒளிர்ந்த முகத்தைப் பற்றி நாம் மறையுரை நிகழ்த்திக்கொண்டிருந்தோம். அதே நற்செய்தியில், மலையிலிருந்து இறங்கியதும் என்ன நடக்கிறது? ஒரு தகப்பன் தன் மகனை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். தீயிலும் நீரிலும் விழும் மகன். சீடர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ரபேல் என்ற ஓவியர் தம் கடைசி ஓவியத்தில் மேலே ஒளியையும் கீழே அந்தத் தகப்பனையும் ஒரே திரையில் தீட்டியிருக்கிறார். நாமோ ஆண்டுதோறும் மேற்பாதியை மட்டுமே பிரசங்கித்து வந்திருக்கிறோம். கெரசேனர் நாட்டுக் கல்லறைகளில் அலைந்தவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊரார் அவனைப் பலமுறை சங்கிலியால் கட்டினர் என்று மாற்கு எழுதுகிறார். கட்டியதால் அவன் குணமடைந்ததாக எழுதவில்லை. குணமடைந்தபின் அவன் ஆடையணிந்து தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்தான். ஆண்டவர் அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அவன் வீட்டாரிடமே அனுப்பினார்.

வீட்டாரிடம் என்றவுடன் பெல்ஜியம் நாட்டின் கீல் என்ற ஊர் நினைவுக்கு வருகிறது. புனித திம்ப்னாவின் கல்லறை அங்கே இருக்கிறது. மதி கெட்ட தன் தந்தையாலேயே வெட்டுண்டு மாண்டவர் அவர் என்பது மரபு. அப்படிப்பட்டவரை மனநோயாளிகளின் பாதுகாவலியாக மக்கள் கொண்டாடினர் என்பது நமக்கு எப்போதும் வியப்பு. திருப்பயணமாக வந்த நோயாளிகளை அவ்வூர்க் குடும்பங்கள் தம் வீடுகளில் தங்கவைத்தன. நடுக்காலம் தொட்டு இன்றளவும் அவ்வழக்கம் இருக்கிறது. 1930-களின் இறுதியில் அவ்வூரில் இவ்வாறு தங்கியிருந்தோர் 3,700-க்கும் மேல். கட்டிப் போடாமல், வயல் வேலையும் சமையலும் கொடுத்து வைத்திருந்தனர்.

மாத்திரை மூளையைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் அந்தத் தாயிடம் சொல்லியிருந்தார்கள். இதை மருத்துவரிடம் கேட்டோம். அவர் மழுப்பவில்லை. நெடுங்காலம் மிகுந்த அளவில் உண்டால் மூளையின் பருமன் சிறிது குறையலாம் என்று 2011-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொல்லியிருக்கிறது. ஆகவே தேவையான குறைந்த அளவே கொடுப்போம் என்றார். ஆனால் எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடலாகாது. கை கால் தானாக அசைவது மாத்திரையால் மட்டுமே வருவது என்று எண்ணியிருந்தனர். சென்னையில் மருந்தே தொட்டிராத நோயாளிகளைப் படமெடுத்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் சிலருக்கும் அவ்வசைவு இருந்தது; மூளையின் அடியாழத்தில் அதற்கேற்ற வேறுபாடும் இருந்தது. அவ்வாய்வில் பங்கேற்றது, டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர், 2021-இல் காலமானார். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் 90 நோயாளிகளைப் பின்தொடரத் தொடங்கிய மற்றோர் ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பின் பெரும்பான்மையோர் நல்ல நிலையில் இருந்தனர். அறை பெரிதாயிருக்கும் மூளையோடுதான் அவர்களில் சிலராவது வேலைக்குப் போனார்கள், திருமணம் செய்தார்கள்.

புதுமடத்துப் பையனை மறுவாரம் இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஆட்டோ ஓட்டியவர் அடுத்த வீட்டுப் பாய். கயிறு வேண்டாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். "எம் புள்ள மாதிரி சாமி, பக்கத்துல உக்காத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்று தன் கையை அவன் தோளில் போட்டுக்கொண்டார். சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வடிவிலும் தடை செய்திருக்கிறது என்பது பாய்க்குத் தெரியாது. முதல் மூன்று வாரம் பையன் உறங்கிக்கொண்டே இருந்தான். தாய் நமக்குத் தொலைபேசியில் அழுதார். ஆறாம் வாரம் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். படகின் இயந்திரம் இன்னும் பேசுகிறதா என்று கேட்டோம். பேசுகிறது, ஆனால் முன்போல அதட்டுவதில்லை என்றான். தம்பி இன்னமும் வேறு அறையில்தான் படுக்கிறான். அதற்காக அவனைக் குறை சொல்லமாட்டோம்.

வீட்டில் இத்தகைய துன்பம் உள்ளவர்கள், இரவோ பகலோ 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியாளரோடு தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நம்மிடம் வர விரும்புவோர் திருப்பலிக்குப் பின் அறைவீட்டுக்கு வரலாம். பெயரைப் பலகையில் எழுதமாட்டோம். புதுமடத்துக் குடும்பத்துக்கு அடுத்த மருந்து நாள் வரும் செவ்வாய். ஆட்டோவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.